ஷிஃப்ட் மாறும் வேலைக்கு எந்த எடைப்பயிற்சி அட்டவணை பொருந்தும்?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 74 கிலோ. காவேரிப்பட்டணத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலையில் வேலை. காலை, மதியம், இரவு என்று வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். கம்பெனி பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது இரண்டு ஆண்டுகள் ஜிம்முக்குப் போயிருக்கிறேன்; அப்போது 90 கிலோவில் ஸ்குவாட் (தோளில் பாரத்தை வைத்து உட்கார்ந்து எழுவது) செய்வேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விட்டுவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் மறுபடி சேர்ந்தேன். மாஸ்டர் ஆறு நாள் அட்டவணை கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் போவதே கடினமாக இருக்கிறது. நண்பர் ஒருவர் நான்கு நாள் அட்டவணை அனுப்பினார். மைத்துனர் மகன், பளுதூக்கும் போட்டியில் வரும் ஸ்னாச், கிளீன் அண்ட் ஜெர்க் உள்ள ஐந்து நாள் பயிற்சிதான் சிறந்தது என்கிறான். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? காலையில் எழுந்ததும் இடுப்பு சற்று விறைப்பாக இருக்கிறது, எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கலாமா? மா அறுவடைக் காலத்தில் தோப்பு வேலையும் இருக்கும்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்றில் எதையும் இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உடல் முழுவதற்குமான இரண்டு பயிற்சிகளை வைத்துக்கொண்டு, கிழமை பார்க்காமல், ஒன்றை அடுத்து மற்றொன்றாக மாற்றி மாற்றிச் செய்து வாருங்கள். உங்கள் ஷிஃப்ட் மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது. அந்த மூன்று வாரத்தில் எட்டுப் பயிற்சிகள் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். காரணம் தெரிந்தால்தான், நாளை வேலை நேரம் மாறும்போது நீங்களே அட்டவணையைத் திருத்திக்கொள்ள முடியும்.

முதலில் நேரம். ஓர் அட்டவணை நமக்குப் பொருந்துமா என்று பார்க்கும்போது பெரும்பாலோர் தமக்கு வசதியான வாரத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறார்கள். கணக்கிட வேண்டியது மிக நெருக்கடியான வாரத்தை. உங்களுக்கு அது இரவு ஷிஃப்ட். இரவு பத்து மணி வேலைக்கு எட்டரைக்கே பேருந்து ஏறி, காலை ஏழரைக்கு வீடு திரும்பி, வெளிச்சத்திலும் சத்தத்திலும் உறங்கி எழும் வாரத்தில், இரண்டு நாள் ஜிம்முக்குப் போனாலே நல்ல வருகை என்பேன். மற்ற இரண்டு ஷிஃப்டுகளில் மூன்று நாள் இயலும். ஆக 3, 3, 2 என்று எட்டு. நீங்கள் எழுதியுள்ளபடியே இப்போதும் ஏறக்குறைய இந்த அளவில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். குறை உங்கள் வருகையில் இல்லை. ஆறு நாள் வருபவருக்காக எழுதிய தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் வருவதில்தான் சிக்கல்.

ஆறு நாள் அட்டவணையில் திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கால் என்று ஒவ்வொரு தசைப் பகுதிக்கும் பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். புதன்கிழமை போக முடியவில்லை என்றால் காலுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த புதன். இரு பயிற்சிகளுக்கு இடையே பதினான்கு நாள் விழுந்துவிடும். அந்த இடைவெளியில் முந்தைய பயிற்சியின் பயன் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கால் வலிக்குமே தவிர, பலம் கூடாது. மூன்று மாதத்துக்குப் பின்னும் ஸ்குவாட்டில் 50 கிலோவில் நிற்பதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வயதைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. 34 வயது பலம் கூடுவதற்குத் தடையான வயதே அல்ல.

அடுத்து அனுபவம். இதில்தான் உங்களுடன் சற்று மாறுபடுகிறேன். கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தூக்கியதால் உங்களை நடுநிலைப் பயிற்சியாளர் என்று கருதுகிறீர்கள். எடைப்பயிற்சியில் அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் அளப்பதில்லை. ஒரு முறை தூக்கிய எடையைவிடக் கூடுதலாக எவ்வளவு விரைவில் தூக்க முடிகிறது என்பதே அளவு. அடுத்த பயிற்சியிலேயே சற்றுக் கூட்ட முடிந்தால் அவர் தொடக்கநிலையில் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்ட முடிகிறது என்றால் நடுநிலை. மாதக் கணக்கில் திட்டமிட்டு உழைத்தால்தான் இரண்டரைக் கிலோ கூடும் என்ற நிலைக்கு வந்தவர் மேல்நிலை. இந்தக் கணக்கில் நீங்கள் மறுபடியும் தொடக்கநிலைக்கு வந்திருக்கிறீர்கள். இதில் வருந்த ஒன்றுமில்லை: மிக வேகமாக முன்னேறக்கூடிய கட்டம் இதுதான். முன்பு பழகிய உடல் இழந்த பலத்தைத் திரும்பப் பெறுவது, புதிதாகப் பெறுவதைவிட விரைவாக நடக்கும். தசைகள் மீளும் வேகத்துக்குத் தசைநாண்களும் மூட்டுகளும் ஈடுகொடுக்கச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பழைய 90 கிலோவை நினைத்துக்கொண்டு முதல் மாதத்திலேயே பாய்பவர்கள்தாம் முழங்கால் வலியுடன் இயன்முறை மருத்துவர்களான எங்களிடம் வருகிறார்கள்.

இனி, பயிற்சிகள். முதலாவதில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று எடையை வயிற்றை நோக்கி இழுப்பது) ஆகிய மூன்று. இரண்டாவதில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), நின்றபடி எடையைத் தலைக்குமேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன் (இயந்திரத்தில் கம்பியை மேலிருந்து மார்பை நோக்கி இழுப்பது) ஆகிய மூன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டு ரெப் கொண்ட மூன்று செட். (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட்.) டெட்லிஃப்டுக்கு மட்டும் இரண்டு செட் போதும். செட்டுகளுக்கு இடையில் இரண்டு முதல் மூன்று நிமிடம் ஓய்வு. எந்த செட்டையும் கை நடுங்கி நிற்கும்வரை இழுக்காமல், இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். எடை ஏற்றுமுன், பிளேட் மாட்டாத வெறும் ராடில் (இரும்புக் கம்பியில்) ஒரு செட்டும், பாதி எடையில் ஒரு செட்டும் செய்து உடலைச் சூடாக்கிக்கொண்டால், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என்றாவது அரை மணி நேரந்தான் கிடைக்கிறது என்றால் முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

மூன்று செட் போதுமா என்று உங்கள் மாஸ்டர் கேட்கக்கூடும். 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், காயமுற்ற வீரர்களின் தசைகளை மீட்பதற்காக எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் கையாண்டு, 1945-இல் அதைப் பற்றி எழுதினார். இன்று எங்கள் இயன்முறை மருத்துவப் படிப்பிலும் ஜிம்களிலும் வழங்கும் பயிற்சி முறைகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி. முதலில் பத்து ரெப் கொண்ட செட்டுகளை ஏழு முதல் பத்து வரை செய்யவைத்த அவர், 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து எழுதியபோது அத்தனை தேவையில்லை என்று மூன்றாகக் குறைத்துவிட்டார். பல ஆண்டுகள் பயின்றவருக்கு அதிக செட்டுகள் தேவைப்படலாம். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது, எடை சீராகக் கூடுவதும் அந்த இயக்கம் அடிக்கடி திரும்ப வருவதும்தான்.

உங்கள் சுற்றில் இதை வைத்துப் பார்ப்போம். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை மூன்றரைக்கு வீடு வந்து, சற்று இளைப்பாறி, ஐந்து மணிக்குப் போகலாம்: முதலாவது, இரண்டாவது, முதலாவது. மதிய ஷிஃப்ட் வாரத்தில் இரவு பதினொன்றரைக்குத் திரும்புவீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து காலை எட்டரை அளவில் போகலாம்: இரண்டாவது, முதலாவது, இரண்டாவது. இரவு ஷிஃப்டில் முதலாவது ஒருமுறை, இரண்டாவது ஒருமுறை. இரு பயிற்சிகளுக்கு இடையில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். நடுவில் ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்ட அடுத்த நாள் இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. விட்டது எதுவோ அதிலிருந்து தொடர வேண்டும், அவ்வளவுதான். கிழமை என்ற ஒன்று இந்த அட்டவணையிலேயே இல்லாததால், எந்த உடற்பகுதியும் இரண்டு வாரம் பட்டினி கிடக்காது.

இரவு ஷிஃப்ட் வாரத்துக்குத் தனி விதி உண்டு. வேலை முடிந்து பேருந்தில் இறங்கியதும் நேரே ஜிம்முக்குப் போய்விடலாம் என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இரவெல்லாம் விழித்த உடலில் கவனமும் உடற்சமநிலையும் மங்கியிருக்கும்போது முதுகில் பாரம் ஏற்றுவது நல்லதல்ல; அந்த உழைப்பு பகல் தூக்கத்தையும் கெடுக்கும். பிற்பகல் மூன்று மணிவரை உறங்கி, எழுந்து சாப்பிட்டு, ஐந்து மணி அளவில் போங்கள். ஷிஃப்ட் மாறும் முதல் நாளில் போக வேண்டாம். இந்த வாரத்தில் எடையைக் கூட்டாமல், முந்தைய எடையிலேயே, எல்லாவற்றிலும் இரண்டு செட் மட்டும் செய்யுங்கள். தேர்ந்த பளுதூக்கும் வீரர்களின் அட்டவணைகளில் சில வாரங்களுக்கு ஒருமுறை எடையைக் குறைத்து உடலைத் தேற்றும் வாரம் ஒன்று வைப்பதுண்டு. உங்களுக்கு அதைக் கம்பெனியே போட்டுக் கொடுத்துவிட்டது. வாரம் இரண்டு நாள் குறைவோ என்ற கவலையும் வேண்டாம்: வளர்ந்தோர் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

எந்த ஷிஃப்டாக இருந்தாலும், முந்தைய உறக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அன்று எடை கூட்ட வேண்டாம்.

ஸ்குவாட்டை 40 கிலோவில் தொடங்குங்கள். இப்போது 50 தூக்குகிறீர்கள் என்பது தெரிந்தே குறைத்துச் சொல்கிறேன். இரவு வாரம் தவிர, ஒவ்வொரு முறையும் இரண்டரைக் கிலோ கூட்டினால், முதல் சுற்றில் 40, 42.5, 45 என்று போய், இரவு வாரத்தில் 45-லேயே நிற்கும். சுற்றுக்கு ஏழரைக் கிலோ. நான்காவது சுற்று முடியும்போது, அதாவது 12 வாரத்தில், 67.5 கிலோவுக்கு வந்திருப்பீர்கள். ஏழாவது சுற்றில், 21-ஆவது வாரத்துக்குள், கல்லூரிக் காலத்து 90 கிலோ கணக்கில் வந்துவிடும். தாளில் போடும் கணக்கு இது. நடைமுறையில் நடுவே ஒருமுறையாவது தேக்கம் வரும். ஒரே எடையில் மூன்று பயிற்சிகள் தொடர்ந்து ஐந்து ரெப்பை எட்ட முடியாவிட்டால், பத்து விழுக்காடு குறைத்து மறுபடி ஏறி வாருங்கள். அப்படி இரண்டு முறை இறங்கி ஏறியும் அதே இடத்தில் முட்டினால், தொடக்கநிலை முடிந்துவிட்டது என்று பொருள். உங்கள் நண்பர் அனுப்பிய நான்கு நாள் அட்டவணைக்கு, உடலின் மேற்பகுதிக்கு இரண்டு நாள், கீழ்ப்பகுதிக்கு இரண்டு நாள் என்ற அந்த முறைக்கு, அப்போது மாறலாம். நல்ல அட்டவணைதான்; அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அப்போதும் கிழமையை அடித்துவிட்டு, நான்கையும் ஒரு வரிசையாகவே கொள்ளுங்கள்.

எடையை இரண்டரைக் கிலோ வீதம் கூட்டுவது என்பது சொல்வதற்கு எளிது. ராடின் இரு முனைகளிலும் சமமாக ஏற்ற வேண்டும் என்பதால் அதற்கு 1.25 கிலோ பிளேட் இரண்டு வேண்டும். நம் பகுதியின் சிறிய ஜிம்கள் பலவற்றில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் இருக்காது. அங்கே மிகச் சிறிய படியே ஐந்து கிலோவாகிவிடும். டெட்லிஃப்டுக்கு அது பரவாயில்லை, ஷோல்டர் பிரஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைவிட, கையுறையைவிட, புரதப் பவுடர் டப்பாவைவிட அது உங்களுக்குப் பயன்படும். கிடைக்காவிட்டால், அதே எடையில் ஐந்து ரெப்பிலிருந்து எட்டு ரெப்வரை ஏறி, மூன்று செட்டிலும் எட்டு ரெப் வந்த பிறகு ஐந்து கிலோ கூட்டி மறுபடி ஐந்திலிருந்து தொடங்குங்கள். இன்னொன்று: போட்டிக்குரிய ஆண்கள் ராடின் எடை 20 கிலோ, ஆனால் ஜிம்களில் இருக்கும் ராடுகள் எல்லாம் அந்த எடையில் இருப்பதில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நோட்டு கட்டாயம் வேண்டும். தேதி, பயிற்சி, எடை, ரெப், முந்தைய நாள் தூங்கிய நேரம் ஆகிய ஐந்தும் போதும்.

மைத்துனர் மகன் சொல்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஸ்னாச்சும் கிளீன் அண்ட் ஜெர்க்கும் ஒலிம்பிக் போட்டிக்குரிய தூக்குகள். பக்கத்து வேலூரைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இலும் தங்கம் அவருக்கே. ஆனால், தரையிலிருக்கும் ராடை ஸ்னாச்சில் ஒரே வீச்சிலும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் தோள்வரை ஏற்றிப் பின் இரண்டாம் வீச்சிலும் தலைக்குமேல் கொண்டுபோகும் அந்தக் கலையைப் பயிற்றுநர் ஒருவர் அருகிலிருந்து மாதக்கணக்கில் திருத்தித் திருத்திக் கற்பிக்க வேண்டும். தவறினால் ராடைக் கீழே போட்டுவிட மேடையும் ரப்பர் பிளேட்டும் வேண்டும். காணொளியைப் பார்த்துத் தனியாகப் பழகுவதற்கு அது ஏற்றதல்ல. வாரம் ஐந்து நாளும் உங்களிடம் இல்லை. அந்தத் தம்பி பள்ளி மாணவராக இருந்து, முறையான பயிற்றுநரும் கிடைத்தால், அவர் தாராளமாகப் போகட்டும்.

இப்போது, காலை நேர இடுப்பு விறைப்பு. இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து போய்வருவதாலும் விறைப்பு வரலாம். அதே சமயம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அளவு மிகுதி என்பதையும், குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பதையும், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. சிறுவயது முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, பல்லில் பழுப்புக் கறையுடன், முதுகெலும்பும் மூட்டுகளும் நாளடைவில் இறுகுவதுண்டு. வீட்டிலேயே மூன்றைச் செய்துபாருங்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, மோவாய் மார்பைத் தொடுகிறதா, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா. இவற்றில் ஏதாவது ஒன்று தடைப்பட்டால் அதுவே நோய் என்று ஆகிவிடாது. ஆனால் எடை ஏற்றுமுன் அரசு மருத்துவமனையில் காட்டி, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ தாமதிக்க வேண்டாம். போகும்போது ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். மூச்சை அடக்கித் தூக்கும்போது அது சட்டென்று ஏறும். பெல்ட் இப்போது தேவையில்லை. காரணம் தெரியாத விறைப்பின் மேல் பெல்ட்டைக் கட்டினால், எடை மட்டும் ஏறும். பிரச்சினை அப்படியே இருக்கும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 90 முதல் 120 கிராம் புரதம் பொருத்தமானது. ராகிக் களி நல்ல உணவுதான் என்றாலும் நூறு கிராம் ராகி மாவில் ஏறத்தாழ ஏழு கிராம் புரதமே உண்டு. களியோடு முட்டை, கொள்ளு, நிலக்கடலை, தயிர், மீன் அல்லது கோழி என்று ஏதாவது துணைக்கு வர வேண்டும்.

அறுவடைக் காலத்தை எண்ணித் தயங்க வேண்டாம். பெங்களூரா மாங்காய் இறக்கும் நாட்களில் கூடை கூடையாகக் குனிந்து நிமிர்ந்து சுமப்பதை உங்கள் முதுகு டெட்லிஃப்ட் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும். அந்த வாரங்களை இரவு ஷிஃப்ட் வாரம் போலவே நடத்துங்கள். டெட்லிஃப்டை விட்டுவிட்டு, இரண்டு நாள் மற்றவற்றை மட்டும் செய்யுங்கள். அறுவடை முடிந்ததும் விட்ட எடையைவிடப் பத்து விழுக்காடு குறைவாகத் தொடங்கினால் இரண்டொரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

மாஸ்டர் மனம் வருந்துவாரோ என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் கொடுத்த தாள் தவறு என்று சொல்லிப் பேச்சைத் தொடங்காமல், உங்கள் ஷிஃப்ட் பட்டியலைக் காட்டி, "மாஸ்டர், மூணு வாரத்துல எட்டு நாள்தான் வர முடியுது, இந்த ஆறு பயிற்சியையும் சரியாப் பழகிக்கணும், நீங்க நின்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுப்பாருங்கள். ஸ்குவாட்டில் இடுப்பு எவ்வளவு இறங்குகிறது, டெட்லிஃப்டில் முதுகு வளைகிறதா என்பதையெல்லாம் கடிதத்தில் என்னால் பார்க்க முடியாது, அவரால் முடியும். இரண்டு சுற்று, அதாவது ஆறு வாரம், இப்படிப் போய்விட்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பதினாறில் பன்னிரண்டுக்கு மேல் வருகை இருந்தால் இதையே தொடருங்கள். பத்துக்கும் கீழே என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டு, எடையை இன்னும் மெதுவாகக் கூட்டுங்கள்; 90 கிலோ சில மாதங்கள் தள்ளி வரும்.